வாய் திறந்து பேசும் ஸ்டூடியோ

பாட்டுப் பதிவு செய்யப் பெரிய ஸ்டூடியோவுக்கு நேரம் வாங்கிக் காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. 2012-ல் 'அட்டகத்தி' வந்தபோது கானா பாலாவின் குரல் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. அதுபோன்ற கானாவைப் பதிய, இன்று ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் வீட்டு அறையே ஸ்டூடியோ. டோலக் ஒரு டிராக், கீபோர்டு ஒரு டிராக், குரல் ஒன்று, கோரஸ் இன்னொன்று என்று தனித்தனியாகப் பதிந்து பிறகு ஒன்றாக்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரி இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க ஜன்னலை அடைத்துப் போர்வை தொங்கவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லேப்டாப் முன் உட்காருபவருக்குப் பார்வை இல்லையென்றால்?

மின்சார ரயில்களில் பாடிப் பிழைக்கும் பார்வையற்ற கலைஞர்களைக் கேட்காத சென்னைப் பயணி குறைவு. 2004-ல் வந்த 'ஆட்டோகிராஃப்' படத்தில் பார்வையற்ற பாடகர் கோமகனும் அவரது இசைக்குழுவும் தோன்றிய பாடல் நினைவிருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பார்வையற்ற இளைஞர் திருமூர்த்தி பாடிய வீடியோ 2019-ல் பரவி, இசையமைப்பாளர் இமான் அவரை 'சீறு' படத்தில் பாட வைத்தார். மைக் முன்னால் பார்வையற்றவரைப் பார்த்துப் பழகிவிட்டோம். மிக்ஸிங் நாற்காலியில் அவரைப் பார்ப்பது இன்னும் அபூர்வம். திறமை போதாததால் அல்ல, பெரும்பாலான மென்பொருள்கள் அவரிடம் வாயே திறப்பதில்லை.

பார்வையற்றவர் கணினியை இயக்குவது ஸ்கிரீன் ரீடர் துணையோடு. திரையில் உள்ள எழுத்தையும் பட்டனையும் அது குரலாகச் சொல்லும். மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே எல்லாம் நடக்கும். ஆனால் மென்பொருள் தன் பட்டனுக்குப் பெயர் சொன்னால்தான் ஸ்கிரீன் ரீடரால் அதைப் படிக்க முடியும். இசை மென்பொருள்களில் பல, மிக்சர் மேசையை அச்சு அசலாகப் படமாக வரைந்து வைக்கின்றன. கண்ணுக்கு அழகு, ஸ்கிரீன் ரீடருக்கோ வெறும் சுவர். பீட் போடும் இளைஞர்கள் கொண்டாடும் எஃப்எல் ஸ்டூடியோ இந்த விஷயத்தில் நெடுங்காலமாக ஊமைதான். நண்பர்கள் எல்லோரும் அதில்தான் வேலை செய்கிறார்கள் என்பதற்காகப் பார்வையற்றவரும் அதையே வாங்கினால் பணம் வீண்.

விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவருக்கு இன்று கைகொடுப்பது ஒரு மூவர் கூட்டணி: என்விடிஏ, ரீப்பர், ஓசாரா. என்விடிஏ இலவச ஸ்கிரீன் ரீடர். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006-ல் அதைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை கிடையாது. சிறுவர்களாக அவர்கள் முதலில் சந்தித்தது பார்வையற்றோருக்கான ஓர் இசை முகாமில்! ரீப்பர் என்ற மல்டிடிராக் மென்பொருளை உருவாக்கியவர், வின்ஆம்ப் பிளேயர் தந்த ஜஸ்டின் ஃபிராங்கல். அதற்குள் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் ஸ்கிரீன் ரீடருக்கு எடுத்துச் சொல்லும் இலவச இணைப்புதான் ஓசாரா. எழுதியவர் அதே ஜேம்ஸ் டே. தேவைப்பட்டவரே உட்கார்ந்து செய்த வேலை என்பது அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரியும்.

ஓசாரா இணைந்த ரீப்பரில் மேல், கீழ் அம்புக்குறியை அழுத்தினால் ஒவ்வொரு டிராக்கின் பெயரும், அது மியூட்டில் இருக்கிறதா, பதிவுக்குத் தயாரா என்பதும் காதில் விழும். ஒலி எகிறி உடைகிறதா என்பதைப் பார்வையுள்ளவர் சிவப்பு விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஓசாராவில் அதற்கு 'பீக் வாட்சர்' இருக்கிறது: எல்லையை டெசிபலில் சொல்லி வைத்தால், குரல் அதைத் தாண்டிய கணத்தில் அறிவிக்கும். உச்சஸ்தாயியில் கத்திப் பாடும் கானாவுக்கு இது சாதாரண வசதி இல்லை. எக்கோ, கம்ப்ரஸர் போன்ற ப்ளக்-இன்கள் படமாக நின்றாலும் அவற்றின் அளவுகளை ஓசாரா பெரும்பாலும் ஒரு பட்டியலாக்கித் தரும். எந்தக் கீ என்ன செய்யும் என்று குழம்பினால் எஃப்12. அதன்பின் அழுத்தும் கீயெல்லாம் தன் வேலையைச் சொல்லும், செய்யாது.

ஒற்றைக் குரல், நேர்காணல், கதை வாசிப்பு மட்டும் என்றால் ஆடாசிட்டி என்ற மென்பொருளே போதும், இலவசமும்கூட. மேக் வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர். கராஜ்பேண்டும் லாஜிக்கும் மேக்கின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவருடன் நன்றாகப் பேசும், ப்ரோ டூல்ஸும் அப்படியே. ஏபிள்டன் லைவ் 2024-ல் வந்த 12-ஆம் பதிப்பில்தான் ஸ்கிரீன் ரீடருக்குக் கதவு திறந்தது.

ஒரு பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும். சோனார் என்ற மென்பொருளை ஜாஸ் ஸ்கிரீன் ரீடருடன் பேச வைக்க ஓர் அமெரிக்க நிறுவனம் தனியாக ஸ்கிரிப்ட் விற்றது. பல பார்வையற்ற கலைஞர்கள் அதை நம்பியே தொழில் செய்தார்கள். 2017 நவம்பரில் சோனாரின் தாய் நிறுவனமான கிப்சன் சோனார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. வாங்கும்போது மென்பொருள் பேசுகிறதா என்பதோடு, பேச வைப்பவர் யார், அடுத்த பதிப்பிலும் அவர் இருப்பாரா என்றும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

ஹெட்போன் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்கிரீன் ரீடர் ஸ்பீக்கரில் பேசினால் அந்தக் குரலும் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிடும். சில ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் ரீப்பர் திறந்தவுடன் ஒலியை முழுதாகப் பிடித்துக்கொள்ளும்; ஸ்கிரீன் ரீடர் சட்டென்று மௌனமாகிவிடும். அனுபவசாலிகள் ஸ்கிரீன் ரீடரை லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டுக்கே விட்டுவிட்டு, அதற்கு ஒரு காதில் சின்ன இயர்போன் மாட்டிக்கொள்வார்கள். மறு காதில் பாட்டு.

ரீப்பரை 60 நாள் எந்தக் குறைப்பும் இல்லாமல் இலவசமாகப் பழகிப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். சொந்தக் கணினி இல்லாதவர் என்விடிஏ, ரீப்பர், ஓசாரா மூன்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, நண்பரின் லேப்டாப்பில் செருகியே வேலையைத் தொடங்கிவிடலாம்.