போர்முனையில் ஒரு முக்கோணக் காதல்: நூறாண்டு கடந்தும் ‘உஸ்னே கஹா தா’ பேசப்படுவது ஏன்?

ஒரு பெண். அவளை நேசிக்கும் இரண்டு ராணுவ வீரர்கள். நடுவே ஒரு போர். இதில் என்ன கதை வரும் என்பது சினிமா பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். நண்பர்கள் எதிரிகளாவார்கள், செத்துப்போனதாக நினைத்தவர் கிளைமாக்ஸில் திரும்பி வருவார், யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்பார். ஆனால், 1915-ல் வெளியான ஓர் இந்திச் சிறுகதை அந்தப் பக்கமே போகவில்லை. அதுதான் ‘உஸ்னே கஹா தா’. தமிழில் ‘அவள் சொல்லியிருந்தாள்’ எனலாம்.

எழுதியது யார்?

சம்ஸ்கிருத அறிஞரான சந்திரதர் சர்மா குலேரி (1883-1922). அவர் எழுதிய சிறுகதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே இந்தக் கதை ‘சரஸ்வதி’ இதழில் வந்தது. இந்திய வீரர்கள் 1914 செப்டம்பரில் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, சேறும் பனியும் நிறைந்த பதுங்குகுழிகளில் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

கதை என்ன?

அமிர்தசரஸ் கடைத்தெரு. 12 வயதுப் பையன், 8 வயதுப் பெண். நிச்சயதார்த்தம் ஆயிடுச்சா என்று அவன் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவான். அவள் வெட்கப்பட்டு ஓடுவாள். ஒருநாள், ஆகிவிட்டது என்கிறாள். வீடு திரும்பும் வழியெல்லாம் கண்ணில் பட்டவர்கள்மீது கோபத்தைக் காட்டுகிறான் அந்தப் பையன்.

25 ஆண்டுகள் கழித்து, அவன் ஜமேதார் லெஹ்னா சிங். போருக்குக் கிளம்பும் முன் தன் மேலதிகாரி சுபேதார் ஹசாரா சிங்கின் வீட்டுக்குப் போகிறார். சுபேதாரின் மனைவி, அந்தக் கடைத்தெருச் சிறுமி! அவருக்கு அடையாளம் தெரியவில்லை, அவளுக்குத் தெரிகிறது. அவள் கேட்பது ஒன்றுதான். கணவரும் ஒரே மகன் போதா சிங்கும் போருக்குப் போகிறார்கள், இருவரையும் காப்பாற்ற வேண்டும்.

போர்முனையில், காய்ச்சலில் நடுங்கும் போதாவுக்குத் தன் கம்பளியைக் கொடுத்துவிட்டு அவனுடைய காவலையும் லெஹ்னாவே பார்க்கிறார். ஒருநாள் இரவு, ஆங்கிலேய அதிகாரி வேடத்தில் ஒரு ஜெர்மானியர் வருகிறார். புகைபிடிக்காத சீக்கியருக்கு சிகரெட் நீட்டியதிலேயே சந்தேகம் தட்டிவிடுகிறது. சதி முறியடிக்கப்படுகிறது. சண்டையில் பட்ட பெரிய காயத்தை மறைத்து, சுபேதாரையும் மகனையும் ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றி அனுப்புகிறார் லெஹ்னா. அவள் சொன்னதைச் செய்துவிட்டேன் என்று வீட்டுக்கு எழுதச் சொல்கிறார். அவள் என்ன சொன்னாள் என்று சுபேதார் கேட்கிறார். அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

சரி, இதில் முக்கோணம் எங்கே இருக்கு?

அங்கேதான் கதையின் பலம். தன்னைக் காப்பாற்றியவர் தன் மனைவியை நேசித்தவர் என்பது கணவருக்குக் கடைசிவரை தெரியாது. போட்டி இல்லை, பொறாமை இல்லை.

அவளுக்கோ கதையில் பெயரே இல்லை. சுபேதாரின் மனைவி என்பதால் ‘சுபேதாரணி’, அவ்வளவுதான். பெண்களுக்கும் ஒரு படைப்பிரிவு இருந்திருந்தால் தானும் கூடவே போயிருப்பேனே என்று புலம்புகிறாள். அது நடக்காது. அவள் கையில் இருந்தது ஒரு பழைய ஞாபகம் மட்டுமே, அதைத்தான் பயன்படுத்துகிறாள். லெஹ்னாவின் உயிரையே கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? கதை சொல்லவில்லை. வாசகரை இன்றும் உறுத்துவது இதுதான்.

கடிதத்தில் சொல்லியிருக்கலாமே?

முடியாது. அன்றைய சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார், தணிக்கை அதிகாரிகள் பார்ப்பார்கள், ஊரில் வேறொருவர் படித்துக் காட்டுவார். இத்தனை பேர் காது வழியாகப் போகும் கடிதத்தில் மனதில் இருப்பதை எப்படிச் சொல்வது?

இந்தக் கதை 1960-ல் சுனில் தத், நந்தா நடிப்பில் படமாகவும் வந்தது.

கதையின் முடிவில் லெஹ்னா சிங், செய்தித்தாளின் இறந்தோர் பட்டியலில் ஒரு வரியாகிறார். பிரான்ஸின் நவ் ஷபெல் ஊரில் உள்ள இந்திய நினைவிடத்தில், கல்லறைகூட இல்லாத 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களிடம் ஊரில் யார் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பது எந்தக் கல்லிலும் இல்லை.