பெண்களின் தலைக்காயத்தைக் கணக்கில் எடுப்போம்

தலையில் அடிபட்டவருக்கு நினைவு தப்பினாலும் அரை மணி நேரத்துக்குள் திரும்பி, கேட்ட கேள்விக்கு ஓரளவு தெளிவாகப் பதில் சொல்லிவிட்டால் மருத்துவம் அதை லேசான தலைக்காயம் என்று வகைப்படுத்துகிறது. நினைவே தப்பாதவர்களும் இதில் சேர்த்திதான். பெரும்பாலும் சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ தெரியாது. வாந்தி வந்தாலோ தலைவலி கூடினாலோ உடனே வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் நாளின் ஆபத்தைப் பொறுத்தவரை இது சரியான நடைமுறை. ஆனால், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்த மூளை எப்படி இருக்கும் என்று அந்த ஸ்கேன் சொல்லாது. அந்தக் கேள்விக்கு ஆணுக்கு ஒரு பதிலும் பெண்ணுக்கு இன்னொரு பதிலும் இருக்கக்கூடும் என்பதற்கான சான்றுகள் கடந்த சில ஆண்டுகளில் சேர்ந்திருக்கின்றன. அவை எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை. ஏன் சாயவில்லை என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

அமெரிக்காவில் நான்கு பகுதிகளைச் சேர்ந்த நடுவயதினரை 1987 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு; ‘ஏரிக்’ என்று பெயர். அதில் 14,376 பேரின் 25 ஆண்டு விவரங்களை அலசிய ஆண்ட்ரியா ஷ்னைடரின் குழு 2021இல் முடிவுகளை வெளியிட்டது. தலைக்காயம் பட்டவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு, படாதவர்களைவிட 44 சதவீதம் கூடுதலாக இருந்தது. பெண்களை மட்டும் தனியே எடுத்தால் 69 சதவீதம். ஆண்களிடம் 15 சதவீதம்தான். இதற்கு நேர்மாறாக, டென்மார்க்கில் ஏறத்தாழ 28 லட்சம் பேரின் பதிவேடுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில் காயம்பட்ட ஆண்களுக்கு 30 சதவீதமும் பெண்களுக்கு 19 சதவீதமும் ஆபத்து கூடியிருந்தது. லேசான காயம் ஒரே ஒரு முறை பட்டவர்களிடம்கூட 17 சதவீதக் கூடுதல் இருந்தது. இரண்டுமே பெரிய ஆய்வுகள். இரண்டும் லேசான காயத்தையும் கடுமையான காயத்தையும் சேர்த்தே எண்ணியவை. எதை நம்புவது?

இரண்டும் காயங்களை எப்படிக் கண்டுபிடித்தன என்பதில்தான் எனக்கு விடை தெரிகிறது. டென்மார்க் ஆய்வு மருத்துவமனைப் பதிவேடுகளை நம்பியது. அமெரிக்க ஆய்வு மருத்துவமனைக் குறிப்புகளோடு, உங்களுக்கு எப்போதாவது தலையில் அடிபட்டதா என்று ஆட்களிடமே கேட்டது. பதிவேட்டில் ஏறாத காயங்கள் பெண்களிடம் அதிகம் என்றால், அடிபட்ட பெண்கள் பலர் ‘அடிபடாதவர்’ பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இரு பட்டியல்களுக்கும் இடையிலான வித்தியாசம் அதனால் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். இது நிரூபணமான முடிவு அன்று, என் வாதம்தான். ஆனால், ஆதாரமற்ற வாதம் அன்று. ஈவ் வலேரா 2003இல் வெளியிட்ட ஆய்வில், துணைவரால் தாக்கப்பட்ட 99 பெண்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அந்தத் தாக்குதலில் ஒரு முறையாவது மூளைக்காயத்துக்கு ஆளாகியிருந்தனர். ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது பலமுறை நேர்ந்திருந்தது. வீட்டுக்குள் விழும் அடி எந்தப் பதிவேட்டுக்கும் எளிதில் போவதில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் (18-49 வயது) சுமார் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தலையில் அடிபட்டவர்கள் என்று எந்த மறதிநோய்க் கணக்கு கேட்கப்போகிறது?

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். உடம்புக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறதா? மூளை நரம்பணுவிலிருந்து நீளும் மெல்லிய இழைக்கு ஆக்ஸான் என்று பெயர். அதன் உள்ளே நுண்குழாய்கள் கட்டுக்கட்டாக நீண்டு கிடக்கும். நரம்பணுவுக்குத் தேவையான புரதங்கள் அவற்றின் மீதுதான் பயணிக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஸ்மித்தின் குழு எலி, மனிதர் இரண்டின் நரம்பணுக்களையும் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தது. பெண் அணுக்களின் ஆக்ஸான்கள் மெலிந்தும் நுண்குழாய்கள் குறைந்தும் இருந்தன. இருபால் அணுக்களையும் ஒரே அளவு விசையோடு சட்டென்று இழுத்துவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, பெண் ஆக்ஸான்களில்தான் வீக்கங்கள் கூடுதலாக இருந்தன. தண்டவாளம் பெயர்ந்த இடத்தில் சரக்கு வண்டிகள் தேங்கி நிற்பதுபோல, நுண்குழாய் முறிந்த இடத்தில் புரதங்கள் தேங்கி இழை புடைத்துவிடுகிறது. இவ்வளவு நுண்ணிய சேதம் சி.டி. ஸ்கேனுக்குத் தெரியாது. 2018இல் மைக்கேல் லிப்டனின் குழு, பந்தைத் தலையால் முட்டி ஆடும் கால்பந்து வீரர்களில் 49 ஆண்களையும் 49 பெண்களையும் நுட்பமான எம்.ஆர்.ஐ. முறையில் ஆராய்ந்தது. ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் முட்டியிருந்தும், ஆக்ஸான்கள் அடர்ந்த மூளையின் வெண்பொருளில் பாதிப்பு தென்பட்ட அளவு பெண்களிடம் ஐந்து மடங்கு. இந்த வீரர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அடி ஒன்றாக இருந்தும் தடம் வேறாக இருந்தது என்பது மட்டும் உறுதி.

பெண்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், அதனால் மறதிநோய் கூடுதலாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். ஆனால், ‘ஏரிக்’ ஆய்வு அடிபட்ட பெண்ணை அடிபடாத பெண்ணோடுதான் ஒப்பிட்டது. ஆயுள் இருவருக்கும் பொது. பெண்கள் சிறு உபாதையையும் சொல்லிவிடுவார்கள், ஆண்கள் மறைப்பார்கள் என்பது இன்னொரு மறுப்பு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மருத்துவர்களிடமே இந்த எண்ணம் உண்டு. அமெரிக்காவின் ‘டிராக்-டிபிஐ’ திட்டம் லேசான தலைக்காயம் பட்ட 2,000 பேரையும், ஒப்பீட்டுக்காக, தலையில் படாமல் எலும்பு முறிவு போன்ற காயங்களோடு வந்த 299 பேரையும் ஓராண்டு கவனித்தது. தலைக்காயம் பட்டவர்களில் பெண்களுக்கு நினைவுக்குறைவும் கவனச்சிதறலும் தலைவலியும் ஆண்களைவிடக் கூடுதலாக நீடித்தன. 35 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுக்கே அதிகச் சிரமம். எலும்பு முறிந்தவர்களிடம் இந்த ஆண்-பெண் வேறுபாடு இல்லை. பெண்கள் சொல்வது கூடுதல் என்பதுதான் காரணம் என்றால், கை உடைந்த பெண்களும் கூடுதலாகச் சொல்லியிருக்க வேண்டுமே!

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு வேறொன்று. பெண் மூளை நொய்மையானது என்று இதையெல்லாம் திரித்துச் சொல்லி, பெண்களை விளையாட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் விலக்கிவிடுவார்களே என்பது அது. அந்த அச்சத்துக்கு ஆய்வுகளிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களில், அடிபட்ட உடனே பயிற்சியாளரும் மருத்துவரும் கவனிக்கும் சூழலில், இருபாலரும் குணமடையப் பெரிதும் ஒரே காலமே பிடித்தது. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை 2019இல் சொன்னது இன்னும் தெளிவு: பெண் பிள்ளைகள் சிறப்புச் சிகிச்சைக்குத் தாமதமாக வந்தார்கள், தாமதமாகக் குணமானார்கள், ஒரு வாரத்துக்குள் வந்தவர்களிடம் ஆண்-பெண் வேறுபாடே தென்படவில்லை. இழை மெலிந்திருப்பதை நம்மால் மாற்ற முடியாது, அந்த ஒரு வாரத்தை மாற்ற முடியும். அந்தக் கவனிப்பு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் காக்குமா என்பதற்குக் காலம்தான் சான்று தர வேண்டும். அதுவரை கவனிக்காமல் காத்திருப்பதில் நியாயம் இல்லை.

ஆகவே, அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர்களே, ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் அடிபட்ட பெண்ணை ஒரு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்லுங்கள். எப்படி அடிபட்டது என்று கணவரும் மாமியாரும் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். கேட்டதைச் சீட்டில் எழுதுங்கள். வாசிப்பவர் பெண்ணாக இருந்தால், தலையில் பட்ட அடி எதுவாயினும் தேதியோடு குறித்து வையுங்கள். பின்னாளில் ஞாபகம் தடுமாறுவதாக மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.