வாணவெடிக்கு எதற்கு ஃப்ளாஷ்?

சிவகாசிப் பட்டாசில் பளிச்சென்று வெள்ளை ஒளி வருவதற்குக் காரணம் அலுமினியப் பொடி. கேமராவின் ஃப்ளாஷும் இப்படி எரியும் உலோகப் பொடியில் இருந்துதான் பிறந்தது. 1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, யோகன்னஸ் கெடிக்கே என்ற இருவர் மக்னீசியத் தூளோடு ஆக்சிஜன் தரும் உப்பைக் கலந்து, பற்றவைத்த கணத்தில் பகல்போல் வெளிச்சம் தரும் பொடி ஒன்றை உருவாக்கினார்கள். படமெடுப்பவர் அதைத் தட்டில் கொட்டித் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். வெளிச்சத்தோடு புகையும் கிளம்பும். கை வெந்தவர்களும் உண்டு. நியூயார்க் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் அந்தப் பொடியோடு வெயில் எட்டாத குடியிருப்புகளுக்குள் நுழைந்தார். ஏழைத் தொழிலாளர்கள் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்திருந்ததை நகரத்துப் பணக்காரர்கள் படமாகப் பார்த்தது அப்போதுதான். அந்தப் படங்களோடு 1890-இல் ஒரு புத்தகமும் வந்தது.

பிறகு கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய உலோகத் தாளை எரிக்கும் ஃப்ளாஷ் பல்பு வந்தது. 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரால்ட் எட்ஜர்டன் மின்னணு ஃப்ளாஷை வளர்த்தெடுத்தார். இன்றைய கேமராவில் இருப்பது அந்த வழிவந்ததுதான். ஒரு மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் மின்சாரம் சேர்கிறது. ஃப்ளாஷ் அடித்ததும் மெல்லிய ‘கீ’ ஒலி கேட்குமே, அது மின்தேக்கி மறுபடி நிரம்பும் ஒலி. சில ஆயிரம் வோல்ட் துடிப்பு ஒன்று செனான் வாயுக் குழாயைத் தூண்ட, சேர்த்து வைத்த மின்சாரம் நொடியின் மிகச் சிறு பங்கில் பாய்ந்து ஒளி தருகிறது.

பட்டாசு ஆலைகளைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மருந்து கலக்கும் அறையில் உடுப்பில் சேரும் நிலைமின்சாரத்துக்கே அஞ்ச வேண்டியிருக்கிறது. அதனால்தான் அங்கே பருத்தி ஆடையை வலியுறுத்துகிறார்கள். செல்போனை வெளியிலேயே வைக்கச் சொல்கிறார்கள். உயர் மின்னழுத்தத்தை வயிற்றில் சுமக்கும் ஃப்ளாஷுக்கு அங்கே இடமே இல்லை. செய்திக்காகப் போனாலும், ஆவணப் படத்துக்காகப் போனாலும், ‘ஒரே ஒரு படம்’ என்று கேட்பது அங்கே வேலை செய்பவர்களின் உயிரோடு விளையாடுவது.

இனி தீபாவளி இரவுக்கு வருவோம். மொட்டை மாடியில் நின்றுகொண்டு வானத்து வெடியை நோக்கி ஃப்ளாஷ் அடிப்பவர்களை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம். கேமராவோடு வரும் சிறு ஃப்ளாஷுக்கு ‘கைடு நம்பர்’ ஏறத்தாழ 12. அதை ஒளித்துளை எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். எஃப் 4 என்று வைத்தால், ஐஎஸ்ஓ 100-இல், 3 மீட்டர். தூரம் கூடக்கூட ஒளி வர்க்க விகிதத்தில் குறையும். 60 மீட்டர் உயரத்தில் விரியும் வெடியை எட்டும்போது மிஞ்சுவது 3 மீட்டரில் இருந்ததன் நானூற்றில் ஒரு பங்கு. எட்டினாலும் பயனில்லை, தானே ஒளிவிடும் பொருளுக்கு நாம் வெளிச்சம் காட்ட வேண்டியதில்லை. அந்த ஃப்ளாஷ் பிடித்துக் காட்டுவது நமக்கு முன்னால் மிதக்கும் புகையையும் தூசியையும்தான். ஆகவே முதலில் ஃப்ளாஷை அணையுங்கள். ‘ஆட்டோ’ முறையில் விட்டால் இருட்டைக் கண்டதும் கேமரா தானாக ஃப்ளாஷை எழுப்பும்; ‘மேனுவல்’ முறைக்கு மாற்றிவிடுங்கள்.

பலரும் தடுமாறும் இடம் ஷட்டர். இரவு என்பதால் நீண்ட நேரம் திறந்தால் வெடி வெளுத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். உண்மை வேறு. சிதறும் ஒவ்வொரு பொறியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சென்சாரின் ஒரு புள்ளியில் அது தங்குவது கண நேரம்தான். அதனால் ஷட்டரை 2 நொடி திறந்தாலும் 6 நொடி திறந்தாலும் அந்த ஒளிக்கோட்டின் பிரகாசம் மாறுவதில்லை. கோடு எவ்வளவு நீள்கிறது, ஒரே படத்தில் எத்தனை வெடி சேர்கிறது, பின்னால் உள்ள வீடுகளும் வானமும் எவ்வளவு வெளுக்கின்றன என்பவைதான் மாறும். கோட்டின் பிரகாசத்தை ஆள்பவை ஒளித்துளையும் ஐஎஸ்ஓவும். இதைப் புரிந்துகொண்டவருக்கு வாணவெடிப் படம் பாதி கைவந்துவிட்டது.

ஐஎஸ்ஓ 100, ஒளித்துளை எஃப் 8 முதல் 11 வரை, ஷட்டர் 2 முதல் 6 நொடி. இதில் தொடங்குங்கள். கோடுகளின் நடுப்பகுதி நிறமின்றி வெள்ளையாக வந்தால் எஃப் 16-க்குப் போங்கள். சிவப்பு ஸ்ட்ரான்சியத்தால் வருவது, மஞ்சள் சோடியத்தால், நீலம் தாமிரத்தால். பச்சையைத் தந்துவந்தது பேரியம். 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால் ஆலைகள் கலவையையே மாற்ற வேண்டி வந்தது. இத்தனை வேதியியலும் உழைப்பும் சேர்ந்து தந்த நிறத்தை, ஒளித்துளையை அகலத் திறந்து வெள்ளையாக்கிவிட்டால் மனம் பொறுக்கவில்லை. ஒயிட் பேலன்ஸையும் ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். ஒவ்வொரு வெடிக்கும் கேமரா நிறத்தைத் திருத்தப் பார்க்கும். பகல் வெளிச்ச அடையாளமான சூரியப் படத்தில் நிறுத்திவிட்டால் நிறம் ஒரே சீராக வரும்.

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். தொலைவில் எரியும் தெருவிளக்கையோ கோபுர விளக்கையோ பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றிப் பிறகு தொடாதீர்கள். முக்காலி கட்டாயம் வேண்டும். முக்காலியில் வைத்தபின் அசைவுத் திருத்தத்தை அணைப்பது நல்லது. ‘நீண்ட வெளிப்பாட்டு நாய்ஸ் குறைப்பு’ என்ற வசதி, படம் எடுத்த அதே நேரம் இன்னொரு முறை காக்கவைக்கும். அதற்குள் நான்கு வெடி போய்விடும், அணைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் தீபாவளியன்று மாலையில் பட்டாசுக்கு அனுமதித்துவரும் நேரம் 7 முதல் 8 மணி வரை. அந்த ஒரு மணிநேரத்தில் அமைப்புகளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. முன்கூட்டியே சரிசெய்து வையுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலம் என்பதால் புகை பெரும்பாலும் தென்மேற்கே நகரும். காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். புகை சேருமுன் எடுக்கும் முதல் சில படங்களே தெளிவானவை.

பெரும்பாலான செல்போன்களில் ஒளித்துளை மாறாது, அகலமாகவே திறந்திருக்கும். அதனால் ‘ப்ரோ’ முறையில் ஐஎஸ்ஓவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதும், வெடியிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பதும்தான் வழி.

ஃப்ளாஷ் தன் பெருமையைக் காட்டும் இடம் கம்பி மத்தாப்பு. மத்தாப்புப் பிடித்த குழந்தையை ஃப்ளாஷ் மட்டும் போட்டு எடுத்தால் முகம் வெளிறி, பொறி மங்கி, பின்னணி கறுத்துப்போகும். ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் முகம் கலங்கும். இரண்டையும் சேர்க்க ‘ஸ்லோ சிங்க்’ என்ற அமைப்பு இருக்கிறது. ஷட்டர் அரை நொடி திறந்திருக்க, மத்தாப்பு தன் ஒளியால் கோடு வரையும். ஃப்ளாஷின் ஒரு துடிப்பு முகத்தை உறையவைக்கும். அந்தத் துடிப்பு ஷட்டர் மூடும் முன் கடைசியில் வரும்படி ‘ரியர் கர்ட்டன்’ அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், குழந்தை கையைச் சுழற்றிய கோடு கைக்கு முன்னால் பாயாமல் அதைப் பின்தொடர்ந்து வரும். ஃப்ளாஷின் அளவை 1 முதல் ஒன்றரை ஸ்டாப் வரை குறையுங்கள். ஃப்ளாஷ் ஒளி நீலம் கலந்தது, மத்தாப்பு பொன்னிறம். ஃப்ளாஷின் முன் மெல்லிய ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டினால் இரண்டும் ஒத்துப்போகும்.

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் அக்கினிச்சட்டி எடுத்து வருபவர்களிடம் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். சட்டியின் நெருப்பு முகத்தில் போடும் செம்பொன் ஒளிதான் அந்தப் படம். ஃப்ளாஷ் அதை அழித்துவிடும். அதைவிட முக்கியம், எரியும் சட்டியைக் கையில் ஏந்தி நெரிசலில் நடப்பவரின் கண்ணைக் கூசவைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, எஃப் 2.8, ஷட்டர் 125-இல் ஒரு பங்கு நொடி போதும்.

சிவகாசிக் கடைக்காரர்கள் விலைப்பட்டியலுக்காகக் கிஃப்ட் பாக்ஸ்களைப் படமெடுக்கிறார்கள். லேபிள்கள் அந்த ஊர் அச்சகங்களிலேயே அடிக்கப்பட்டு, பளபளப்பு ஏற்றப்பட்டவை. நேராக ஃப்ளாஷ் அடித்தால் பெட்டியின் நடுவே வெள்ளைத் திட்டு விழுந்து பெயரே மறைந்துவிடும். சரக்கு இல்லாத வெற்றுப் பெட்டியைக் கடைக்கு வெளியே கொண்டுவாருங்கள். தலை திருப்பக்கூடிய ஃப்ளாஷ் இருந்தால் வெள்ளைச் சுவரின் பக்கம் திருப்பி, அங்கிருந்து திரும்பும் ஒளியில் எடுங்கள். கேமராவோடு ஒட்டிய ஃப்ளாஷ் மட்டும்தான் என்றால் அதை அணைத்துவிட்டு, வெயில் நேராகப் படாத வாசல் நிழலில் பெட்டியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். அச்சுக்காரர் போட்ட நிறம் அப்படியே கிடைக்கும்.