மோகனூர் போலீஸ்காரர் வீட்டிலிருந்து ஒரு கள்ளன்

சாணித்தாள் காலம் – 14

ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி ஆகியோரை வாசகர்கள் எப்படி எடை போடுகிறார்கள் என்று போன வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் அந்த இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் பேய்க்காதல் கதைகள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் ராசிபுரத்திலிருந்து வந்த ஒரு கடிதம் குறுக்கே வந்துவிட்டது.

"தொடர் பூராவும் கோயமுத்தூர், பட்டுக்கோட்டை, மெட்ராஸ்னே எழுதறீங்க. நம்ம சேலம், நாமக்கல் பக்கம் ஒருத்தர்கூட மர்மக்கதை எழுதலீங்களா?" என்று அந்த வாசகர் கேட்டிருந்தார்.

எழுதியிருக்கிறார்கள். முதலில் சொல்ல வேண்டிய பெயர், நாம் பள்ளிக்கூடத்தில் கைகட்டி நின்று மனப்பாடம் செய்த பெயர்: நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை.

உப்புச் சத்தியாகிரகத்துக்கு வழிநடைப் பாட்டு எழுதியவர், 1949-இல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர் ஆனவர், 1971-இல் பத்மபூஷண் பெற்றவர். கோட்டையிலுள்ள தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். இத்தனையும் பாடப்புத்தகத்தில் வரும். அதே கை 'மலைக்கள்ளன்' என்ற நாவலையும் எழுதியது என்பதை யாரும் நமக்கு அழுத்திச் சொல்லவில்லை. கடத்தல், மாறுவேடம், மலைக்குள் மறைவிடம், போலீஸ் துரத்தல், நடுவில் ஒரு காதல் என்று இன்றைய மாத நாவல் வாசகர் என்னவெல்லாம் எதிர்பார்ப்பாரோ அவ்வளவும் அந்தக் கதையில் உண்டு.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி இனிமேல்தான் வருகிறது. 1888-இல் காவிரிக்கரை மோகனூரில் கவிஞர் பிறந்தபோது, அவருடைய தந்தை வெங்கடராமன் அங்கே காவல்துறையில் வேலையில் இருந்தார். போலீஸ்காரர் மகன் கள்ளனை நாயகனாக வைத்துக் கதை எழுதியிருக்கிறார்! இரவு ரோந்து போய் வந்தவர் வீட்டுத் திண்ணையில் என்னென்ன திருட்டுக் கதைகள் புழங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் நாவல் பிறந்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பையனுக்குக் கள்ளன் என்பவன் அன்றாடம் காதில் விழுந்த சொல்லாக இருந்திருப்பான் என்று நம்புகிறேன்.

நம் நிலத்தையும் கொஞ்சம் பாருங்கள். நாமக்கல் சமவெளியில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் ஒரு மலை நிற்கும். கொல்லிமலை, போதமலை, வடக்கே போனால் கஞ்சமலை, சேர்வராயன். ஊருக்குள் சட்டம், மலைக்குள் வேறு சட்டம் என்ற எண்ணம் இங்கே வளர்ந்தவர்களுக்கு இயல்பாக வரும். கள்ளனை மலையில் வைக்க வேண்டும் என்று மோகனூர்க்காரருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கதை அதன் பிறகு நடந்த தூரம் சாதாரணமானதல்ல. கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954-இல் அதைப் படமாக்கினார். திரைக்கதை, வசனம் மு. கருணாநிதி. நடித்தவர்கள் எம்.ஜி.ஆரும் பானுமதியும். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் அதுதான். அதே ஆண்டு தெலுங்கில் 'அக்கி ராமுடு'. 1955-இல் இந்தியில் 'ஆசாத்'. 1957-இல் மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', கன்னடத்தில் 'பெட்டத கள்ள', சிங்களத்தில் 'சூரசேன'. ஆக ஆறு மொழிகள். நாமக்கல்லின் கள்ளன் கடல் தாண்டியும் போய்விட்டான்.

இந்திப் படத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை. திலீப்குமார் அப்போது சோக நாயகன் என்றே பெயர் எடுத்திருந்தார். படத்துக்குப் படம் அழுது, சாகும் வேடங்களிலேயே ஊறிப் போனதில் அவர் மனமே பாதிக்கப்பட்டது. மருத்துவ ஆலோசனை கேட்டபோது, கொஞ்சகாலம் லேசான வேடங்களில் நடியுங்கள் என்று சொன்னார்கள். அந்தச் சமயத்தில் அவர் ஏற்றதுதான் 'ஆசாத்'. கூட நடித்தவர் அவரைப் போலவே சோகத்துக்குப் பெயர்போன மீனாகுமாரி. தாடி, தலைப்பாகை, மாறுவேடம், சிரிப்பு என்று இருவரும் அதில் விளையாடியிருக்கிறார்கள். பெரும் நடிகர் ஒருவரின் மனத்துக்கு மருந்தாக அமைந்த கதை மோகனூர்க்காரர் எழுதியது. பொழுதுபோக்குக் கதைகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இனி இதைத்தான் சொல்லப்போகிறேன்.

சரி, வாசகர்கள் என்ன சொல்கிறார்கள்?

நாமக்கல்லில் லாரி பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மாத நாவல்களை மூட்டை கட்டி வைத்துப் படிப்பவர். அவருடைய தீர்ப்பு இது: "கொலகாரன் யாருன்னு நான் பாதியிலயே கண்டுபுடிச்சாலும் பரவால்லீங்க. ஆனா கடைசிப் பக்கத்துல புதுசா ஒரு ஆளக் கொண்டாந்து இவன்தான் பண்ணுனான்னா, அந்த எழுத்தாளர அடுத்த மாசம் வாங்கமாட்டனுங்க." துப்பறியும் கதையில் வாசகரை ஏமாற்றலாம், மோசடி செய்யக் கூடாது. இந்த வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொன்ன விமர்சகரை நான் படித்ததில்லை.

'மலைக்கள்ளன்' படம் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பது அவர் கட்சி. ஊருக்குள் வணிகர் அப்துல் ரகீமாக வருபவரும் மலையில் இருப்பவனும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரிந்துவிட்ட பிறகும், எப்போது மாட்டிக்கொள்வான் என்ற பதைப்பு குறைவதில்லை. ரகசியத்தை நம்மோடு பங்குபோட்டுக்கொள்ளும் கதைக்கு ஆயுள் அதிகம் என்கிறார்.

திருச்செங்கோட்டு வாசகி ஒருவர் இதை ஒப்பவில்லை. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் ரமணிசந்திரனை வரிவரியாகப் படித்து வளர்ந்தவர். "கள்ளன் கதைல பொம்பளைக்கு வேலையே இல்லீங்க சார். கடத்துவாங்க, காப்பாத்துவாங்க, கல்யாணம் ஆகும். ரமணிசந்திரன் கதைல அவ கோவிச்சுக்கறதுக்காச்சும் ஒரு இடம் இருக்கும்" என்றார். காதல் நாவல்களைக் கேலி பேசும் ஆண்கள் இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளும் உரிமைக்காக ஒருத்தி வருடக்கணக்கில் நாவல் படித்திருக்கிறார். என் ஓட்டு அவருக்குத்தான். பானுமதியின் மிடுக்குதான் அந்தப் பாத்திரத்தைத் திரையில் தூக்கி நிறுத்தியது.

ஆத்தூரில் வாடகை நூலகம் நடத்தி மூடிவிட்ட பெரியவர் ஒருவர் வேறு ரகம். ரத்தம் அவருக்கு ஆகாது. தேவன் 1942-இல் ஆனந்த விகடனில் தொடங்கிய 'துப்பறியும் சாம்பு' மாதிரிதான் வேண்டும். காணாமல் போன நகை, ஒரு அசட்டு மனிதர், அவருக்கு அடிக்கும் அதிர்ஷ்டம். "சாப்புட்டுப் படுக்கும்போது படிக்கறதுக்குப் பொணம் எதுக்குங்க?" என்கிறார். மேல்நாடுகளில் இந்த வகைக்குத் தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். தேநீர்க் கோப்பை, பூனை, சின்ன ஊர், நாசூக்கான ஒரு கொலை. தேவன் கொலைகூட இல்லாமல் அதைச் செய்து காட்டினார்.

சேலத்தைச் சொல்லாமல் விட்டால் ராசிபுரத்துக்காரர் மறுபடி கடிதம் போடுவார். ஏற்காடு சாலையில் இன்றைக்கும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அதற்குள்ளிருந்து டி.ஆர். சுந்தரம் 1950-இல் 'திகம்பர சாமியார்' படத்தைக் கொடுத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல் அது. வில்லன் என்று நாம் பழகிய எம்.என். நம்பியார் அதில் துப்பறிபவர்; மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடம் போட்டு அசத்தியிருப்பார். இருபது ஆண்டு கழித்து அதே கம்பெனி ஜெய்சங்கரை வைத்து 'சி.ஐ.டி. சங்கர்' எடுத்தது. நாவல் வாசகனும் டிக்கெட் வாங்குபவனும் ஒரே ஆள்தான் என்பதைச் சேலம் மிக முன்னாலேயே புரிந்துவைத்திருந்தது. மாடர்ன் தியேட்டர்ஸைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதுவேன்.

பேய்க்காதலுக்கு இந்த வாரம் இடம் போதவில்லை. அடுத்த வாரம் நிச்சயம். 'மர்மதேசம்' இந்திரா சௌந்தர்ராஜன் பிறந்தது சேலத்தில்; அவரிலிருந்து தொடங்கி, கபிலரும் பரணரும் குறுந்தொகையில் பாடிவைத்த கொல்லிப்பாவை வரை போக வேண்டும். பார்த்தவனை மயக்கிக் கொல்லும் அழகி என்று மலையில் இன்றும் கதை சொல்கிறார்கள். சங்கக் கவிஞர்கள் காதலியை அவளோடுதான் ஒப்பிட்டார்கள். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' முடிவில் வென்றது கணேஷின் அறிவியலா, வசந்தின் பேயா என்பதில் உங்கள் கட்சி எது என்று அதற்குள் எழுதி அனுப்புங்கள். காரணத்தோடு எழுதுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் நாவல், பத்திரிகை, நோட்டீஸ் என்று பேதம் பார்க்காமல் சேர்த்துவைத்ததால்தான் சென்னையில் இன்று அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நம் மாவட்டங்களில் பரணில் கிடக்கும் பாக்கெட் நாவல்களின் தாள் ஏற்கெனவே பழுத்து, தொட்டால் உதிர்கிறது. இந்தப் போகிக்கு அவற்றை எரிக்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். ஆத்தூர்ப் பெரியவரின் மூடிய நூலகத்துப் பெட்டிகள் இன்னும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கின்றன. அவற்றை வாங்கி அடுக்க ஒரு அலமாரி தரும் கல்லூரியோ நூலகமோ சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இருந்தால், இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். அவரிடம் நான் பேசுகிறேன்.