கொட்டையோடு ஊறும் செர்ரி

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் பக்கம் 'கிரீக்' என்றொரு செர்ரி பீர் பிரபலம். பாரம்பரிய முறையில் இதற்கு ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதில்லை. கொதித்த தானியச் சாற்றை, குளிர்ந்த மாதங்களில், ஆழமில்லாத அகலத் தொட்டியில் இரவெல்லாம் திறந்து வைப்பார்கள். காற்றில் வரும் ஈஸ்ட்டே வேலையைத் தொடங்கிவிடும். மரப்பீப்பாயில் பல மாதம் கிடந்த பிறகு, புளிப்புச் செர்ரியைக் கொட்டையோடு போட்டு ஊறவைப்பார்கள். கருஞ்சிவப்பு நிறம், பல் கூசும் புளிப்பு, கடைசியில் அந்தக் கொட்டை தரும் லேசான பாதாம் வாசம். இனிக்கும் என்று நம்பி வாய் வைத்தவர் முகம் சுளிப்பார்! இதில் ஆல்கஹால் ஏறக்குறைய 5, 6 சதவீதம். அதே நாட்டின் 'காஸ்டீல் ரூஜ்' செர்ரி பீரிலோ 8 சதவீதம். அதன் இனிப்பு இந்த வீரியத்தை மறைத்துவிடுவதுதான் ஆபத்து.