காழும் பட்டையும்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தைச் சேர்ந்த சந்தூர், மாங்கன்றுகளுக்குப் பெயர்போன ஊர். அங்குள்ள நாற்றங்கால்களில் ஒட்டுக் கட்டுவோரின் கைவேகம் காண்பவர் கண்ணைக் கவரும். கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தலையைச் சீவித் தண்டைப் பிளந்து, நல்லின மரத்தின் குச்சியொன்றை ஆப்புப்போல் செதுக்கி அப்பிளவில் செருகிப் பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றிவிடுகின்றனர். சில வாரங்களில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வேர் ஒரு மரத்தினது. கனி வேறொரு மரத்தினது. அவர்களிடமே ஒரு தென்னம்பிள்ளையைக் கொடுத்து ஒட்டுக் கட்டச் சொன்னால் சிரிப்பார்கள். மாவில் இயல்வது தென்னையில் ஏன் இயலவில்லை? இவ்வினாவுக்கு விடை காணப் புகுந்தால் தாவரத்தின் உள்ளமைப்பே நம்முன் விரியக் காணலாம்.

தமிழ்த்துறையினராகிய நமக்கு இவ்வினா முற்றிலும் அயலானதன்று. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கின்றது. தெங்கு, பனை, கமுகு, மூங்கில் ஆகியன புல்லினத்தின்பாற்படும் என்பர் உரையாசிரியர். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்னும் பெயர்களைப் புல்லுக்கும், இலை, தளிர், கொம்பு முதலியவற்றை மரத்துக்கும் அந்நூல் உரிமையாக்குகின்றது. இதனைக் கொண்டு தொல்காப்பியர் நுண்ணோக்கி கண்டவர் என மேடையில் முழங்குவோர் உளர், அது வேண்டா. மரத்தை அறுத்தும் பிளந்தும் பழகிய மக்களின் கூரிய பார்வை அது. அப்பார்வை இன்றைய தாவரவியலோடு பெரிதும் ஒத்துச்செல்கின்றது என்பதே போதிய பெருமையாகும்.

இன்றைய அறிவியல் கூறுவது இது. தாவரத்தின் உடலில் இருவகைக் குழாய்த் திசுக்கள் உள்ளன. வேர் உறிஞ்சிய நீரையும் அதில் கரைந்த உப்புகளையும் மேலே கொண்டுசெல்வது சைலம். இலையில் உருவான சர்க்கரையைப் பிற உறுப்புகளுக்குக் கொண்டுசெல்வது புளோயம். மாமரத்தில் சைலம் உள்ளேயும் புளோயம் பட்டையின் உட்புறத்திலும் வளையமாக அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே தாள்போல் மெல்லியதொரு படலம் உண்டு. கேம்பியம் எனப்படும் அப்படலம் உள்நோக்கிப் புதிய சைலத்தையும் வெளிநோக்கிப் புதிய புளோயத்தையும் ஈன்றுகொண்டே இருப்பதால் மரம் ஆண்டுதோறும் பருக்கின்றது. பழைய சைலம் நாளடைவில் நீர் கடத்தும் தொழிலை விட்டு இறுகி வயிரமாகின்றது. தச்சர்கள் வெளிறு எனத் தள்ளும் இளங்கட்டையே உண்மையில் நீரோடும் பாதை. தென்னையிலோ இக்குழாய்கள் சிறுசிறு கற்றைகளாகத் தண்டு முழுதும் சிதறி, விளிம்பருகே நெருங்கி நிற்கின்றன. அதனாலேயே அது புறக்காழ். கேம்பியமும் அதற்கு இல்லை.

ஒட்டு என்பது கேம்பியத்தோடு கேம்பியத்தைப் பொருத்துவதே. வெட்டுவாயில் தோன்றும் புதுத்திசு இரண்டையும் இணைத்து, அதனூடே புதிய குழாய்கள் உருவாகும்வரை குச்சிக்கு வேரிலிருந்து போதிய நீர் வராது. அதற்காகவே குச்சியின் இலைகளை முன்கூட்டியே கிள்ளிவிடுகின்றனர். காற்றுப்படாமல் உறையிட்டு மூடுகின்றனர். பொருத்த வேண்டிய கேம்பியமே இல்லாத தென்னைக்கு ஒட்டுக் கட்ட வழியில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தம் கிதாபுல் ஃபிலாஹா என்னும் வேளாண் பெருநூலில் ஒட்டுமுறைகளை விரிவாக எழுதியுள்ளார். கேம்பியம் என்னும் சொல் பிறப்பதற்கு முன்பே கத்தி அதனை அறிந்திருந்தது.

இனி நீர் மேலேறும் விந்தையைக் காண்போம். கிணற்றின் மேலிருந்து உறிஞ்சும் எந்திரம் எதுவாயினும் 10 மீட்டருக்குக் கீழுள்ள நீரை இழுக்க இயலாது. காற்றழுத்தத்தின் எல்லை அது. ஆழ்துளைக் கிணறுகள் பாதாளம் நோக்கிச் செல்லும் நம் பகுதியில் எந்திரத்தையே நீருக்குள் இறக்கிக் கீழிருந்து தள்ளச் செய்வது அதனால்தான். ஆனால் கலிபோர்னியாவின் செம்மரங்கள் 100 மீட்டருக்கும் மேல் ஓசையின்றி நீரை ஏற்றுகின்றன. 1727இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், இலைகள் வெளியிடும் நீரை அளந்து, நீரேற்றத்துக்கு இலையே முதன்மையான காரணம் எனக் கண்டார். 1894இல் டப்ளின் நகரத்து டிக்சனும் ஜோலியும் விளக்கத்தை முழுமையாக்கினர். இலைத்துளைகளின் வழியே நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் நீர் மூலக்கூறுகள் அறாத கயிறுபோல் வேர்வரை இழுபடுகின்றன. வேர் உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டது இவ்வாறு காற்றில் கலந்துவிடுகின்றது. நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், உயிருள்ள செல்களின் துடிப்பே நீரை ஏற்றுகின்றது என 1923இல் ஒரு நூலே எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதனை ஏற்கவில்லை. எனினும் தாவரங்களை அளந்தறிய அவர் படைத்த கருவிகள் இன்றும் வியப்பூட்டுவன.

நீர்க்கயிறு அறுந்தால் என்னாகும் என்பதை ஓசூர் ரோஜா காட்டும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தின் குளுமையில், தளி, பாகலூர்ப் பக்கங்களிலும், அமுதகொண்டப்பள்ளி டான்ஃப்ளோரா மலர்ப் பூங்காவிலும் பசுமைக் குடில்களில் விளையும் ரோஜாக்கள், பிப்ரவரி மாதச் சந்தையை நோக்கிக் கடல் கடக்கின்றன. 'தாஜ்மகால்' என்னும் சிவப்பு வகை அவற்றுள் பேர்பெற்றது. காம்பை வெட்டிய கணமே, இழுபட்டு நின்ற நீர் பின்வாங்க, காற்று குழாயினுள் புகுகின்றது. அக்குமிழி அடைத்துக்கொண்டால் வாளி நிறைய நீர் இருந்தும் மலர் தலைசாயும். உடனே நீரில் இடுவதும், அடிக்காம்பை நீருக்குள் வைத்தே மீண்டும் வெட்டுவதும், குளிரறையில் வைத்து நீராவிப்போக்கைக் குறைப்பதும் இதன்பொருட்டே. அந்நீரில் சிறிது சர்க்கரை சேர்ப்பதும் உண்டு. இலையிலிருந்தும் செடியிலிருந்தும் வரவேண்டிய உணவு நின்றுபோனதால், நீர்க்குழாய் வழியாகவே மலருக்கு உணவு ஊட்டப்படுகின்றது.

உணவின் பயணம் வேறு இயல்பினது. சைலத்தின் குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை. புளோயத்தின் சல்லடைக் குழாய்களோ உயிருள்ளவை. இலையில் சர்க்கரை அக்குழாயில் ஏற்றப்படும்போது சவ்வூடு பரவலால் நீரும் உட்புகுந்து அழுத்தம் மிகுகின்றது. அவ்வழுத்தம் சர்க்கரைக் கரைசலைத் தேவையுள்ள இடத்துக்குத் தள்ளுகின்றது என்பது 1930இல் எர்ன்ஸ்ட் முன்ஷ் என்னும் செருமானியர் தந்த விளக்கம். அத்தேவை கனியில் இருந்தால் மேலும் செல்லும். வேரில் இருந்தால் கீழும் செல்லும். இவ்வழுத்தத்துக்குச் சான்று வேண்டுவோர் பூக்கும் பருவத்து மாந்தோப்புக்குள் நுழைந்தால் போதும். தத்துப்பூச்சி பட்ட மரத்தின் இலைகள் பிசுபிசுப்பதும், பின்னர் கரும்பூசணம் படர்வதும் உழவர் நன்கறிந்ததே. பூச்சி தன் ஊசிவாயைப் புளோயத்தில் செருகியதும் இன்சாறு தானே பீறிட்டு உட்செல்ல, மிகுதியை அது கழிவாகச் சொரிகின்றது. பனம்பாளையைச் சீவினால் சொட்டும் பதநீரும் இச்சாறே.

பெங்களூரா மாங்கூழுக்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்தின் வருவாயில் பெரும்பங்கு, இவ்வாறு பட்டையின் உட்புறமாக ஒழுகிவந்த சர்க்கரையே எனலாம். ஆயினும் நம்மிடையே பட்டைக்கு மதிப்பில்லை. தொழிற்கூடங்களும் மனைப்பிரிவுகளும் பெருகிவரும் ஓசூர்ச் சாலைகளில், விளம்பரத் தட்டி கட்டிய கம்பி, மரம் பருக்கப் பருக்கச் சதைக்குள் புதைந்து புளோயத்தை நெரித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். கடையை மறைக்கும் மரத்தின் அடியில் சுற்றிலும் பட்டையை உரித்துவிடுவோரும் உளர். நடுக்கட்டை முழுதும் உளுத்துப் பொந்தாகிய புளியமரம் தலைமுறை தலைமுறையாகக் காய்ப்பதும், வயிரம் குன்றாத இளமரம் ஒரு சாண் பட்டை இழந்து மடிவதும் இதனால்தான். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் மால்பிகி மரப்பட்டையை வளையமாக நீக்கி, வளையத்துக்கு மேலே தண்டு புடைத்ததைக் கண்டு எழுதினார். கீழிறங்க வழியின்றித் தேங்கிய உணவே அப்புடைப்பு.

பட்டை உரிக்கப்பட்ட மரம் உடனே வாடுவதில்லை. நீர்ப்பாதையாகிய வெளிறு பழுதுபடாததால் இலைகள் பல மாதங்கள் பசுமையாகவே நிற்கும். சேமிப்பு தீர்ந்து முதலில் இறப்பது கண்ணுக்குத் தெரியாத வேரே. இலை பழுக்கும்போது உரித்தவர் யாரென்று கேட்பாரும் இரார். காலத்தே கண்டுவிட்டால் காப்பாற்ற ஒருவழி உண்டு. அம்மரத்தின் இளங்குச்சிகளை வெட்டி, காயத்தின் மேற்பட்டையையும் கீழ்ப்பட்டையையும் இணைக்குமாறு பாலம்போல் பல இடங்களில் செருகிக் கட்ட வேண்டும். கேம்பியம் கேம்பியத்தோடு பொருந்திவிட்டால் குச்சிகளின் வழியே உணவு மீண்டும் வேருக்கு இறங்கும். அதற்கு வேண்டிய கத்தியும் நாடாவும் கைப்பழக்கமும் சந்தூரில் உள்ளன.