புகாருக்கும் அரிவாளுக்கும் இடையே

மாணவர் மாணவரைத் தாக்குவது மட்டுமன்றி, ஆசிரியர் அடிப்பது, ஆசிரியர் தாக்கப்படுவது, சாதியையோ உடலையோ சொல்லி ஒருவரை நாள்தோறும் இழிவுபடுத்துவது ஆகிய அனைத்தும் பள்ளி வன்முறையே என்றாலும், ரத்தம் சிந்தும்போது மட்டுமே அது செய்தியாகிறது. அதற்கு முந்தைய மாதங்கள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

2012 பிப்ரவரி 9 அன்று சென்னை பாரிமுனைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றபோது, அவன் பார்த்த இந்திப் படமே பெரும் விவாதமாயிற்று. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனையும் தடுக்க வந்த ஆசிரியையையும் அரிவாளால் வெட்டியபோது, பென்சில் தகராறு காரணமாகச் சொல்லப்பட்டு, புத்தகப்பைகளைச் சோதிப்பது தீர்வாக முன்வைக்கப்பட்டது. பையைச் சோதித்தால் அரிவாள் அகப்படலாம். அதை எடுத்துவரத் தூண்டிய பகை அகப்படாது.

2023 ஆகஸ்ட் 9 இரவு திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பட்டியல் சாதி மாணவன், ஆதிக்க சாதியைச் சேர்ந்த சக மாணவர்களின் துன்புறுத்தலால் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தான்; விவரம் அறிந்த பள்ளி விசாரித்து, அவன் புகார் கொடுத்த பிறகு, அவனது வீட்டுக்குள்ளேயே புகுந்து அவனையும் தடுக்க முயன்ற தங்கையையும் வெட்டினர். வெட்டியவர்களும் சிறார்களே. புகார் அளித்த மாணவனுக்கு அன்றிரவு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதே இந்நிகழ்வின் மையம். ஏனெனில், காப்பதற்கான ஏற்பாடு இல்லாத இடத்தில் புகார் என்பது புகார் கொடுத்தவரை எதிரிக்கு அடையாளம் காட்டுவதாகவே முடிகிறது.

அதன்பின் தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கம், அகர வரிசையில் இருக்கை, மாணவர் குறைகளைக் கேட்கத் தனியாகப் பள்ளி நல அலுவலர் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. கயிறு பற்றிய பரிந்துரைதான் அரசியல் மேடைகளில் அடிபட்டது. உண்மையில் மிகவும் தேவையான நல அலுவலரைப் பற்றிப் பேசியோர் குறைவு.

இதெல்லாம் தென்மாவட்டத்துச் சிக்கல் என்று சென்னைப் புறநகரான தாம்பரத்தார் ஒதுங்கிக்கொள்ள இயலாது. 2022 டிசம்பர் 31 அன்று, திருட்டுக் குற்றச்சாட்டில் செங்கல்பட்டு அரசினர் சிறப்பு இல்லத்தில் (மக்கள் வழக்கில் சீர்திருத்தப் பள்ளி) வைக்கப்பட்டிருந்த தாம்பரம் பகுதிச் சிறுவன் ஒருவன் தாக்கப்பட்டு இறந்தான். இல்லத்தின் ஊழியர்களே கைது செய்யப்பட்டனர். பள்ளியில் அரிவாள் தூக்கும் சிறுவனையும் சமூகம் இறுதியில் அனுப்பிவைப்பது இத்தகைய இல்லத்துக்குத்தான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறையாதவரை இளைஞர் நீதிக் குழுமமே விசாரிக்கிறது. பதினாறு வயது நிறைந்தவர் கொடிய குற்றம் செய்ததாகக் கூறப்பட்டால் மட்டும், அவரது மனநிலையையும் சூழலையும் ஆராய்ந்தபின், வயதுவந்தோர் போல விசாரிக்க அனுப்பலாம். மற்றபடி இல்லவாசம் மூன்றாண்டுக்கு மேற்படாது. திருத்தி அனுப்புவதே சட்டத்தின் நோக்கம். செங்கல்பட்டில் அந்நோக்கம் என்னவாயிற்று என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அந்த மரணத்தை அடுத்து இல்லங்களின் சீர்திருத்தத்தை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கும் சந்துருவே பொறுப்பேற்றார் என்பது தற்செயலாயினும் பொருத்தமானது.

தாம்பரத்தை ஒட்டிய அஸ்தினாபுரம் போன்ற புறநகர்ப் பகுதிப் பெற்றோர், பை சோதனையைக் கேட்பதற்கு முன், மாணவர் புகாரை யார் பெறுகிறார், எத்தனை நாளில் பதிலளிக்கிறார், புகார் கொடுத்த பிள்ளையை யார் காக்கிறார் என்று கேட்கலாம். அரசுப் பள்ளிகளில் இதற்கு இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினரில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அக்குழு கட்டாயமில்லை என்பதால், அங்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பதில்களை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.